நங்கூரத்தில் தொங்கிய சாவி

“அத்தான், சாவியைக் குடுங்க. மிச்ச தூரத்தை நான் ஓட்டறேன்.”

சொல்லிவிட்டேன். கார் ஓட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தது, என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த அம்மா என் தொடைச் சதையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். முன் சீட்டில் அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் மடியில் இருந்த குட்டிக்கு மட்டும்தான் குஷி. “சித்தி ஓட்டட்டும்! சித்தி ஓட்டட்டும்!” என்று குதித்தாள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, வீட்டுச் சட்டம் தெரியாது.

சட்டம் இதுதான். மாப்பிள்ளையிடம் வாயைத் திறந்து எதையும் கேட்கக் கூடாது. அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால், அது நமக்குத் தேவையில்லாதது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அக்கா கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா இதை என் காதில் ஓதி வருகிறாள்.

அத்தான் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சுற்றுகிற ஃபேன் அவர் வாங்கிப் போட்டது. ஃபிரிட்ஜ் அவர் வாங்கிப் போட்டது. நான் காலேஜில் சேர்ந்ததும் லேப்டாப் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எதையும் நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் கொடுப்பதுதான் அவருக்குப் பெருமை. தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிடும். இப்படிக் கொடுக்கிற மனிதருக்கு ஒரு வசதி உண்டு. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எதைக் கொடுக்காமலே விட்டுவிடுவது எல்லாம் அவர் கையில்தான்.

மறுநாள் நான் வேலையில் சேர வேண்டும். குழாயில் வருகிற தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் வம்சத்தில் முதல் டிகிரி நான், மாதச் சம்பளத்துக்கு மேஜை நாற்காலி போட்டு உட்காரப்போகிற முதல் ஆளும் நான்தான். சொன்ன நாளில் வந்து சேராவிட்டால் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். “நம்ம வண்டி இருக்கும்போது பஸ்ஸா? குடும்பத்தோட போவோம், டூர் போன மாதிரியும் இருக்கும்” என்றார் அத்தான். கேட்காமல் கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, மற்ற எல்லோரும் ஏறினோம். அப்புறம் ஒரு அருவி வந்தது. ஒரு அணைக்கட்டு வந்தது. ஒரு பறவைப் பண்ணை, அத்தானுக்குத் தெரிந்தவரின் டைல்ஸ் ஃபேக்டரி. கார் எல்லா இடத்திலும் நின்றது.

ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அத்தான் வைத்திருப்பது பாத்ரூம் சாமான் ஷோரூம். பில் போட்டுக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒரே பேச்சு: “வெளியூர் போய்த் தண்ணியை மோந்து பாக்கறதுக்கு நம்ம கடையில உக்காந்து பில் போடலாமே. அங்கயும் குழாய்தான், இங்கயும் குழாய்தான்.” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்க வேண்டும், அது சட்டத்தின் உட்பிரிவு.

இன்றைக்கு மதியம் சாப்பிடும்போது, “வழியில ஒரு கப்பல் ஓட்டல் இருக்காம். குட்டி ஆசைப்படறா. போன்ல ரூம் போடு” என்றார். அவருக்குப் போனில் அந்த வேலையெல்லாம் வராது, விரல் பெரிது, எழுத்து சிறிது என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போட்டேன். இப்போது வாசலில் வந்து நின்று பார்த்தால் வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் படுக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அதனால்தான் கேட்டேன்.

அத்தான் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

“லைசன்ஸ் இருந்தா போதுமாம்மா? உங்க அக்காகிட்டகூடத்தான் இருக்கு.”

உண்மைதான். அக்கா கல்யாணத்துக்கு முன்பே லைசன்ஸ் எடுத்தவள். கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். எங்கேயாவது அடையாள அட்டை கேட்டால் காட்டுவதற்கு உதவுகிறது.

“காலையில சீக்கிரம் கிளம்பிடலாம். இறங்குங்க எல்லாரும்” என்று அத்தான் என்ஜினை நிறுத்தினார்.

கப்பல் என்றால் உண்மையிலேயே கப்பல்தான், சிமென்ட்டில். நீல டைல்ஸ் பதித்த ஒரு தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர், அதன் நடுவில் மூன்று மாடிக் கப்பல் நின்றது. இடது பக்கம் பெட்ரோல் பங்க், வலது பக்கம் டயர்க் கடை. கடல் எந்தத் திசையில் போனாலும் ஒரு நாள் பயணம். தொட்டியைத் தாண்டி உள்ளே போக ஒரு பலகைப் பாலம், நடந்தால் ஆடும்படி அடியில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். தண்ணீரில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. யாரோ அளவு பார்க்காமல் கையால் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

“அம்மா, பாத்து” என்று கையைப் பிடித்தேன். அவள் கையை உதறினாள். “உன் வாய் இருக்கே, அது ஆடற ஆட்டத்துக்கு இந்தப் பலகை தேவலை” என்றாள்.

உள்ளே ரிசப்ஷனுக்கு மேலே ‘துறைமுகம்’ என்று எழுதியிருந்தது. வெள்ளைச் சீருடையும் பெரிய மீசையுமாக ஒருவர் நின்றார். நெஞ்சில் ‘துறைமுக அதிகாரி’ என்று தைத்திருந்தது.

“புக்கிங் யார் பேர்ல?”

“இவ பேர்ல” என்று அக்கா என்னைக் காட்டினாள்.

அவர் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். “வணக்கம் கேப்டன்! கப்பலுக்கு வரவேற்கிறோம்.” கவுன்ட்டருக்கு அடியிலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்றை எடுத்தார். தங்க நிறப் பட்டை, நடுவில் நங்கூரம். அத்தான் தானாகவே கையை நீட்டினார். தொப்பி அந்தக் கையைத் தாண்டி வந்து என் தலையில் உட்கார்ந்தது. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அத்தான் பிடரியைச் சொறிந்துகொண்டார். கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார்கள்.

“இங்க கேப்டன் சொல்றதுதான் சட்டம்” என்றார் அதிகாரி. “சாப்பாடு கேப்டன் விசில் அடிச்சாத்தான் வரும். ரூம்ல என்ன வேணும்னாலும் கேப்டன்தான் போன் பண்ணணும். அப்புறம், வண்டிச் சாவியை நங்கூரத்துல போட்டுடுங்க சார்.”

சுவரில் ஆள் உயர இரும்பு நங்கூரம் ஒன்று இருந்தது. அதன் கொக்கிகளில் வரிசையாகச் சாவிகள். பின்னால் இடம் குறுகல், வண்டிகளை ஒட்டி ஒட்டி நிறுத்துவதால் சாவி இங்கேதான் இருக்க வேண்டுமாம்.

“எடுக்கணும்னா?” என்றார் அத்தான்.

“கேப்டன் வந்து கேட்டா குடுத்துடுவோம். வேற யார் கேட்டாலும் குடுக்க மாட்டோம் சார், தப்பா நினைக்காதீங்க. முன்னாடி ஒரு குடும்பம் வந்துச்சு, அண்ணனும் தம்பியும். சாப்பிடற இடத்துல சண்டை. தம்பி ரோஷத்துல வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அண்ணன் பொண்டாட்டி பிள்ளைகளோட இங்கயே மாட்டிக்கிட்டார். கப்பல்லேர்ந்து இறங்க மாட்டேன்னு ஒரே அழுகை. அதுலேர்ந்து முதலாளி போட்ட ரூல்.”

“அதெல்லாம் சரிப்பா. இந்தக் குடும்பத்துக்குப் பெரியவன் நான்.”

“பாத்தாலே தெரியுது சார். கேப்டன் வாயால, ‘இனிமே இவர்தான் கேப்டன்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும், தொப்பியை மாத்திடலாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அந்தத் தொப்பியை எனக்குக் குடு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், எனக்கு எதற்கு அந்தப் பொம்மைத் தொப்பி? அவர் கேட்கவில்லை. சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, “விளையாட்டுதானே, விளையாடட்டும்” என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரு அறை. அதை அறை என்று சொல்லக் கூடாது, கேபின். மேலும் கீழுமாக இரண்டு கட்டில். வட்டமான ஜன்னல் ஒன்று. வெளியே பார்க்கலாம் என்று போனால் அது ஜன்னல் இல்லை, டிவி. அதில் அலை வந்து வந்து போனது. சுவருக்குள் எங்கேயோ ஸ்பீக்கர், அலைச் சத்தம் ஓயவில்லை. ஸ்விட்ச் எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தேன், இல்லை.

அம்மா கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குத் தலையைச் சுத்துதுடி.”

“அம்மா, கப்பல் நகரல.”

“எனக்குத் தெரியாதா? நகராத கப்பல்ல குமட்டுதே, இது என்ன கூத்து!” சொல்லிவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள். உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நான் போனை எடுத்தேன். “கேப்டன் பேசறேன். இந்தக் கடலை நிறுத்துங்க.”

“உடனே கேப்டன்.”

சட்டென்று கடல் நின்றது. டிவி இருட்டானது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த அம்மா வாசலிலேயே நின்றாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“கேட்டதும் நிறுத்திட்டாங்களே” என்றாள்.

“ஆமா.”

“சும்மா கேட்டியா? எதுவும் சொல்லாம?”

“சும்மாத்தான்மா கேட்டேன்.”

அவள் கட்டிலில் படுத்துக்கொண்டாள். அந்த அமைதியில் கொஞ்ச நேரம் அசந்து தூங்கினாள்.

இருட்ட ஆரம்பித்தபோது சாப்பிடக் கூப்பிட்டார்கள். அத்தான் நேராகப் போய் மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த விசேஷமாக இருந்தாலும் அவருக்கு அந்த நாற்காலிதான். மாலுமி உடையில் இருந்த பணிப்பெண் ஓடிவந்து, “சார், அது கேப்டன் சேர்” என்றாள். அத்தான் எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறினார். அதற்கு அவர் பட்ட பாடு, ஏதோ வீட்டைக் காலி செய்கிற மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் அத்தான் முதல் கவளம் எடுக்காமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டோம். இங்கே நான் ஊதாமல் தட்டே வராது. சுற்றி இருந்த மேஜைகளில் எல்லாம் அப்பாக்கள் தொப்பி போட்டுக்கொண்டு பீய்ங் பீய்ங் என்று ஊதிக்கொண்டிருந்தார்கள். “ஊது சித்தி, பசிக்குது” என்றாள் குட்டி. ஊதினேன். சாப்பாடு வந்தது. அக்கா குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டை மடக்கினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் நாங்கள்.

பாதிச் சாப்பாட்டில் அத்தான் ஆரம்பித்தார். “நாளைக்கு இங்கேர்ந்து கிளம்பி, பக்கத்துல ஒரு குகை இருக்காம், பாத்துட்டு...”

“நாளைக்கு நான் வேலையில சேரணும்.”

“அதான் பேசிட்டேனே. உன் ஆபீசுக்கு நேத்தே போன் பண்ணினேன். இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல.”

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. “யாரைக் கேட்டுப் பேசினீங்க?”

“ஏய்!” என்றாள் அம்மா.

“உனக்கு அலைச்சல் வேண்டாம்னுதான். கிடைச்சா கிடைக்கட்டும், கிடைக்கலேன்னா நம்ம கடை எங்க ஓடிப்போகுது?” உதவி செய்துவிட்ட மனிதனின் முகம்தான் அவருக்கு. ஃபிரிட்ஜ் வந்த அன்றைக்கும் இதே முகம்தான். நான் படித்த படிப்பு, எழுதிய பரீட்சை, நின்ற இன்டர்வியூ வரிசை எல்லாவற்றையும் ஒரு போன் காலில் சுருட்டி எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டு, தட்டில் மிச்சத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து வந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யார் எடுப்பார்கள்?

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்ததும் மேல்தளத்துக்குப் போனேன். குழாய்த் தண்ணீருக்கு லீவு கிடையாது, மாதிரிகள் விடிகாலையிலேயே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடும் என்று இன்டர்வியூவில் சொன்னது ஞாபகம் இருந்தது. மறுபடி போட்டேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது.

“லேப்.”

பெயரைச் சொன்னேன்.

“ஓ, நீங்களா? நான்தான் இங்க இன்சார்ஜ். முந்தாநாள் யாரோ ஒருத்தர் போன் பண்ணினார். அத்தான்னு சொன்னார்.”

“மேடம், அது வந்து...”

“வேலையில சேரப்போறது நீங்களா அவங்களான்னு கேட்டேன். அவங்கதான்னார். அப்ப அவங்களையே பேசச் சொல்லுங்கன்னேன். வெச்சிட்டார். இப்ப நீங்க சொல்லுங்க. வர்றீங்களா, இல்லையா?”

“வர்றேன் மேடம். இன்னைக்கே வர்றேன். ஆனா வழியில இருக்கேன், மதியம் ஆயிடும்.”

“ஆபீஸ் மூடறதுக்குள்ள வந்து கையெழுத்துப் போடுங்க, போதும். அப்புறம் ஷூ போட்டுக்கிட்டு வாங்க. செருப்போட வந்தா லேபுக்குள்ள விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“சரி மேடம்.”

“சரி, இன்குபேட்டர் அலாரம் கத்துது. வெக்கிறேன்.”

சரி என்று அவர்கள் சொல்லவே இல்லை. அத்தானே சொல்லிக்கொண்ட ‘சரி’ அது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. நேற்று சாப்பிடாமல் எழுந்தது ஞாபகம் வந்து பசித்தது.

கீழே தொட்டியில் நேற்றைய பணிப்பெண் வலை போட்டுச் சருகுகளை அள்ளிக்கொண்டிருந்தாள். மேலிருந்தே கேட்டேன். “இங்க பஸ் நிக்குமா?”

“நிக்குமே கேப்டன்! எதிர்ப்பக்கம் போகாதீங்க, வாசல்லயே நிக்கும். கண்டக்டருங்க எல்லாம் ‘கப்பல் எறங்கு, கப்பல் எறங்கு’ன்னுதான் கத்துவாங்க.” நான் போகிற ஊரைச் சொன்னேன். “காலையில நேர் பஸ்ஸே இருக்கு. கார்ல போறதைவிடச் சீக்கிரம் போயிடும்.”

“ஆமா, அருவியைப் பாத்தா நிக்காதில்ல” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சும்மா சிரித்தாள்.

கேபினுக்குத் திரும்பியபோது அம்மா எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் பல் துலக்கி, முகம் கழுவி, கைப்பையில் எடுத்து வந்திருந்த சுடிதாரை மாற்றிக்கொண்டேன். கைப்பையைத் தோளில் மாட்டியதும், “எங்கடி கிளம்பிட்ட?” என்றாள்.

“வேலைக்கு.”

“அதான் மாப்பிள்ளை பேசிட்டாரே.”

“அவங்க ஒத்துக்கவே இல்ல. இப்பதான் பேசினேன். இன்னைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். “மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“அவர்கிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?”

அம்மா சொல்லிக்கொடுத்த சட்டம் இப்படியும் திரும்பும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. எனக்கே அந்த நிமிஷம்தான் தோன்றியது.

ஒரு சிக்கல் இருந்தது. என் பெட்டியும் ஷூவும் கார் டிக்கியில் இருந்தன. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன்.

“சாவி வேணும்.”

“இதோ கேப்டன்.” அதிகாரி கொக்கியிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நேற்று அதைக் கேட்டதற்கு அம்மாவிடம் வாங்கிய திருகலில் தொடை இன்னும் கன்றிப்போய் இருந்தது. இன்றைக்கு ஒரு சல்யூட்டோடு வந்தது.

ஓட்டல் ஆட்கள் முதல் வேலையாகக் காரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாசலில் எடுத்து நிறுத்தியிருந்தார்கள். டிக்கியைத் திறந்து பெட்டியையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கப்பல் வாசலுக்கு வந்தேன். அங்கேயே ஷூவைப் போட்டுக்கொண்டேன். கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து தடதடவென்று படி இறங்குகிற சத்தம். அத்தான் பனியனோடு ஓடிவந்தார். தலைமுடி ஒரு பக்கமாக எழுந்து நின்றது. பின்னால் அக்கா, அவள் இடுப்பில் பாதித் தூக்கத்தில் குட்டி. ஜன்னலில் பார்த்திருப்பார்கள். இல்லை, இங்கே ஜன்னல் கிடையாது. யாரோ சொல்லியிருப்பார்கள்.

“ஏய், ஏய்! வண்டியை எங்க எடுக்கற?”

“எடுக்கல. பெட்டியை எடுத்தேன். நான் பஸ்ல போறேன்.”

“பஸ்லயா? எதுக்கு?” அத்தான் கையை நீட்டினார். வார்த்தை இல்லை, கை மட்டும்தான். நேற்று தொப்பிக்கு நீட்டிய அதே கை.

சாவி என் கையில் இருந்தது. நான் அதை நீட்டவில்லை.

அத்தான் அதிகாரியைப் பார்த்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “கேப்டனைக் கேளுங்க சார்” என்றார்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா குட்டியின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். “அத்தை, சொல்லுங்க உங்க பொண்ணுகிட்ட.”

மாப்பிள்ளை எதிரில் அம்மா நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பாதி மறைந்துதான் நிற்பாள், பாதி வாக்கியம்தான் பேசுவாள். இங்கே மறைந்துகொள்ளக் கதவு இல்லை, ஆடுகிற பலகைதான் இருந்தது. அவள் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களே கேளுங்க மாப்பிள்ளை” என்றாள். “கேட்டா குடுப்பா. நல்ல பொண்ணுதான்.”

முழு வாக்கியம். ஒன்றல்ல, மூன்று.

அத்தான் என் பக்கம் திரும்பினார். “சாவியைக் குடும்மா” என்றார்.

அவ்வளவுதான். யார் சட்டைப் பைக்குள்ளும் யாரும் கையை விடவில்லை. கேட்டுவிட்ட பிறகு அத்தான் முகம்கூடக் கொஞ்சம் இறுக்கம் விட்டுப்போன மாதிரிதான் இருந்தது, பல்வலிக்காரன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்ததுபோல. நேற்றிரவு அவரைக் கொன்றுபோடலாம் என்று இருந்தது எனக்கு. இப்போது பனியனும் கலைந்த தலையுமாக நின்ற அந்த மனிதரிடம் சண்டை போட ஒன்றும் பாக்கி இல்லை. அவர் செய்தது செய்ததுதான், அதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் என் வேலை என்னிடம் இருந்தது.

“குடுக்கறேன் அத்தான். ஆனா நான் இறங்கறேன், தொப்பியை யாருக்காவது குடுத்துட்டுத்தானே போகணும்?” அதிகாரி பக்கம் திரும்பினேன். “இனிமே எங்க அக்காதான் கேப்டன்.”

தொப்பியை எடுத்து அக்கா தலையில் வைத்தேன். விசிலைக் கழற்றிக் குட்டியின் கழுத்தில் போட்டேன். சாவியை அக்கா கையில் வைத்து விரல்களை மூடினேன்.

அதிகாரி குதிகாலைச் சேர்த்தார். “வணக்கம் கேப்டன்!”

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேற்றிலிருந்து மடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். “ஏய் லூசு, எனக்கு ரிவர்ஸ் வராதுடி” என்றாள்.

“வண்டியை முன்னாடி பாத்துத்தான் நிறுத்தியிருக்கோம் கேப்டன்” என்றார் அதிகாரி.

“இரு, நானே கொண்டுபோய் விடறேன்” என்றாள் அக்கா, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

“நீ குகையைப் பாத்துட்டு மெதுவா ஓட்டிக்கிட்டு வா. இல்லேன்னா நேரா வீட்டுக்குப் போ. கேப்டன் இஷ்டம். எனக்கு பஸ் வந்துடும்.”

அம்மா பெட்டியின் கைப்பிடியை விட்டாள். “சாப்பிடாம போறியே” என்றாள். “வழியில எதாவது வாங்கிக்க. கேட்டு வாங்கிக்க.”

“கேட்டு வாங்கிக்கிறேன்மா.”

பலகைப் பாலத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஸ்பிரிங் வழக்கம்போல ஆட்டியது. கீழே தண்ணீர் பளபளவென்று இருந்தது, குளோரின் வாடை இன்றைக்கும் அப்படியேதான். குட்டி பின்னாலிருந்து விசிலை விடாமல் ஊதினாள். அந்த விசிலுக்கு நடுவில் அத்தானின் குரல் கேட்டது, அவ்வளவு மெதுவான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அக்காவிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. பாலம் முடிந்து தார்ச் சாலையில் கால் வைத்தேன். புது ஷூ கொஞ்சம் கடித்தது. தரை ஆடவில்லை.